செம்பாயி தட்டாத இரண்டு தட்டு

அந்தக் காலத்தில், பறவையும் பல்லியும் பாம்பும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், காட்டில் யாரும் யாரையும் கத்திக் கூப்பிட்டது கிடையாது. கத்துவது மரியாதைக் குறைச்சல். கூப்பிடுவதற்குத்தான் சீந்தில் கொடி இருந்ததே.

சீந்தில் கொடியை இன்றைக்கும் பார்க்கலாம். ஒரு மரத்தின் மேல் ஏறி, அங்கிருந்து நூல் நூலாக வேரைத் தொங்கவிட்டு, அடுத்த மரத்தைப் பிடித்துக்கொண்டு, தந்திக் கம்பி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அந்த நாளில் ஒவ்வொரு கூட்டுக்கும் பொந்துக்கும் ஒரு கொடி வந்தது. எல்லாக் கொடியும் காட்டின் நடுவில் ஒரு கிழட்டு இலுப்பை மரத்தின் பொந்தில் போய் முடிந்தது. அங்கே பல்லி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கீழே தங்கைகள், தங்கை பெண்கள் என்று ஒரு பட்டாளம்.

பேச நினைப்பவர்கள் தங்கள் கொடியில் எண்ணைத் தட்டவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். முதலில் சில தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி சில தட்டு. பல்லி எண்ணிப் பார்ப்பாள். கூப்பிட்டவர் கொடியை வாயில் கவ்வி, கூப்பிடப்பட்டவர் கொடியை வாலால் சுற்றிப் பிடித்து, 'உச்' என்று ஒரு சத்தம் கொடுப்பாள். இணைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு இரண்டு பேர் பேச்சும் பல்லியின் உடம்பு வழியாகத்தான் போய்வரும். ஆகவே அவளுக்குத் தெரியாத குடும்ப விஷயம் காட்டில் எதுவும் இல்லை. வெளியே சொல்லமாட்டாள். ஆனால் தெரியும்.

அந்தக் காட்டின் குறுக்கே ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு முருங்கை மரத்தில் குக்குறுவான் குடும்பம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரியின் பெயர் செம்பாயி. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பச்சைப் பறவை. நெற்றியில் ஒரு சிவப்பு, கழுத்துக்குக் கீழே இன்னொரு சிவப்பு, அலகைச் சுற்றி விறைப்பாக நாலு மீசை. அவளிடம் பேசிவிட்டுப் போகிறவர்கள் தங்கள் இறகெல்லாம் உடம்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது வழக்கம். அவள் வீட்டுக்காரர் ஆலம்பழத்துக்கு வாயைத் திறப்பதோடு சரி.

அவளுக்கு ஒரே பெண், பொட்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். கல்யாணத்தின்போதே பல்லியைப் பிடித்து உலுக்கி, பெண்ணுக்குத் தன் எண்ணை அடுத்த எண்ணாகப் பார்த்து வாங்கியிருந்தாள். மூன்று - நான்கு அம்மா. மூன்று - ஐந்து மகள். சொல்லிப் பார்த்தாலே ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

மத்தியான வெயிலில் மற்றவர்கள் எல்லாம் கண்ணயரும்போது செம்பாயி கொடியைத் தட்டுவாள். என்ன சாப்பிட்டாய், மாமியார் என்ன சொன்னாள், அந்த மைனா மறுபடியும் உன் வாசலில் வந்து நோட்டம் விட்டாளா. பொட்டு பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி போய்விடும். பொட்டுவும் இலேசுப்பட்டவள் இல்லை, அம்மா மூச்சு வாங்குகிற இடத்தில் தன் பதில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் பொட்டு முழுகாமல் இருக்கிற செய்தி வந்தது. செம்பாயி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லிக்கே சந்தேகம் வந்து, இணைப்பு இருக்கிறதா என்று வாலை ஆட்டிப் பார்த்தாளாம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். காட்டிலும் அதே வழக்கம். ஆனால் பெண் தானாக மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கமுடியாது. தாய்வீட்டிலிருந்து அழைக்கவேண்டும். அழைக்காமல் வந்தால் பெண்ணுக்கு இளக்காரம். அதேபோல் தாயும் நாள் குறித்துச் சொல்லாமல் சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கமுடியாது. அப்படிப் போனால் இவளுக்கு இளக்காரம். கூப்பிட்டு, நாள் சொல்லி, பிறகு போய் அழைத்துவர வேண்டும்.

செம்பாயி அன்றைக்கே வேலையை ஆரம்பித்தாள். முருங்கை மரத்தில் பட்டுப்போன கிளையாகப் பார்த்து அலகால் கொத்திப் பொந்து குடைந்தாள். வாசலைக் கிளையின் அடிப்பக்கத்தில் வைத்தாள், மழைத்தண்ணீர் உள்ளே வராது. உள்சுவரை வழவழவென்று இழைத்தாள். பெண் வந்து உட்காரும்போது ஒரு சிராய் குத்தக்கூடாது.

அந்த வருஷம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. பழம் காய்த்துக் குலுங்கியது. பழம் நிறைய இருந்தால் குடும்பங்களும் பெருகும். எங்கே பார்த்தாலும் புதுக் கூடு, புதுக் குடித்தனம், எல்லோருக்கும் கொடி வேண்டும், எல்லோருக்கும் எண் வேண்டும். தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் ஒரே கிளையில் உட்காருகிறவர்கள், ஒருத்தி பேச்சை இன்னொருத்தி பிடுங்கிப் பேசுகிறவர்கள், ஆளுக்கு ஒரு கொடி கேட்டார்கள். பல்லிக்கு ஒன்பது தட்டுக்கு மேல் எண்ண வராது. இருந்த எண்ணெல்லாம் தீர்ந்துபோயிற்று.

கூட்டம் போட்டார்கள். மயில் தலைமை. அது தோகையை விரித்து முடிக்கவே பாதிப் பொழுது போயிற்று. எல்லோர் எண்ணுக்கும் முன்னால் இன்னும் ஓர் எண்ணைச் சேர்த்துவிடலாமே என்று அணில் சொன்னது. பக்கத்துக் கிளையில் இருப்பவளைக் கூப்பிடக்கூட நீட்டி முழக்க வேண்டுமா என்று தவிட்டுக்குருவிகள் எகிறினார்கள். கடைசியில் மயில் ஒரு வழி சொன்னது. காட்டை ஓடையோடு இரண்டாகப் பிரிப்பது. இக்கரைக்குத் தனி எண் வரிசை, அக்கரைக்குத் தனி எண் வரிசை. ஒரே எண் இக்கரையில் ஒருவருக்கும் அக்கரையில் ஒருவருக்கும் இருக்கலாம். தன் கரைக்குள் கூப்பிடுகிறவர்கள் பழையபடி எண்ணை மட்டும் தட்டினால் போதும், அது உள். கரை தாண்டிக் கூப்பிடுகிறவர்கள் முதலில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு எண்ணைத் தட்டவேண்டும். அது வெளி. அந்த இரண்டு தட்டுக்கு வெளித்தட்டு என்று பெயர் வைத்தார்கள். கூப்பிடப்படுகிறவர் கொடியிலும் அந்த இரண்டு தட்டு முதலில் கேட்கும், யாரோ வெளியிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள.

எல்லோரும் தலையாட்டினார்கள். செம்பாயி மட்டும் கேட்டாள்.

"அப்போ என் பொண்ணு வெளியா?"

மயில் தோகையைச் சரிசெய்துகொண்டது. இதில் பெண், பிள்ளை என்று எதுவும் இல்லை, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லோரும் வெளி என்றது.

"நேத்து வரைக்கும் உள்ளேதானே இருந்தா? அவ நகரலை, நான் நகரலை. நடுவுலே யாரு அவளை வெளியே தள்ளினது?"

ரெண்டே ரெண்டு தட்டுதானே என்று பல்லி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். செம்பாயி திரும்பினாள். சீர் கொண்டுபோகும்போது ரெண்டு தட்டு என்ன, இருபது தட்டு வைப்பேன், பெற்ற பெண்ணைக் கூப்பிட எனக்கு எதற்குத் தட்டு என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பறந்துபோனாள்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல மூன்று, நிறுத்தி, ஐந்து தட்டினாள். 'உச்' என்று இணைப்பு கிடைத்தது. அந்தப் பக்கம் தூக்கம் கலையாத கட்டைக் குரல் ஒன்று வந்தது.

"யாருங்க?"

"நீ யாரு?"

"ஆந்தைங்க."

"என் பொண்ணு வீட்டுலே ஆந்தைக்கு என்ன வேலை?"

ஆந்தைக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாவம், பகல் அதற்கு நடுராத்திரி. பிறகு விளக்கமாகச் சொன்னான். அவன் இக்கரைக்குப் புதிதாகக் குடிவந்த புள்ளி ஆந்தை, சின்னக்கண்ணு என்று பெயர், ஒண்டிக்கட்டை, நேற்றுத்தான் கொடி வந்தது, இக்கரை மூன்று - ஐந்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் பெண்ணின் எண் அக்கரை மூன்று - ஐந்து. முன்னால் இரண்டு தட்டுத் தட்டினால் பெண் கிடைப்பாள்.

"தட்டமாட்டேன்" என்றாள் செம்பாயி.

மறுநாளும் மூன்று - ஐந்து. மறுநாளும் ஆந்தை. அவன் மறுபடியும் விளக்கினான். அவள் மறுபடியும் கேட்டுக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் கொடி அதிரும்போதே அவன், "இங்கே பொட்டு இல்லீங்க" என்று ஆரம்பித்தான்.

"தெரியும். நான் தட்டறது சரியான எண்ணுதான். நீதான் தப்பான ஆளு."



செம்பாயியின் கணக்கு இதுதான். தான் ஒரு தரம் அந்த இரண்டு தட்டைத் தட்டிவிட்டால், பெண் வெளியாள் என்று தானே வாயால் சொன்ன மாதிரி. கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இனி அவள் அந்த வீட்டுப் பெண், உனக்கென்ன என்று. ஊர் சொல்லட்டும். தன் அலகால் அதைத் தட்டமாட்டாள். சரியான எண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தால் பல்லிக்கு ஒருநாள் உறைக்கும், திருத்திக்கொடுப்பாள் என்று பிடிவாதமாக இருந்தாள். பல்லிக்கு உறைத்துத்தான் இருந்தது. ஆனால் இக்கரைக் கொடியில் மூன்று - ஐந்து தட்டினால் அவள் வால் ஆந்தையின் கொடியைத்தான் பிடிக்கவேண்டும். சட்டம் அப்படி.

வீட்டுக்காரர் ஒருநாள் ஆலம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் வேணும்னா தட்டட்டுமா?" என்றார்.

"தட்டுங்க. அப்புறம் உங்களுக்கும் எனக்கும் நடுவுலே ஓடை வந்துடும்."

அவர் பழத்தை எடுத்துக்கொண்டார்.

நாள் போகப்போக இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வெயில் உச்சிக்கு வந்ததும் சின்னக்கண்ணு தானாக விழித்துக்கொண்டு கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இங்கே பொட்டு இல்லீங்க என்பான். அது முறைக்கு. பிறகு செம்பாயி பொந்துவேலை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்வாள். மைனாக்களைத் திட்டுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். நாங்கள் சாயங்காலத்துக்கு மேல்தான் என்பான் அவன். அதான் குரலே எலும்பும் தோலுமாக இருக்கிறது என்பாள். அவனுக்கு அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. அந்தக் கொடியில் அவனை வேறு யாரும் கூப்பிட்டதும் இல்லை. எப்போது 'ஏம்மா' என்பது 'அக்கா' ஆயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"ஏன் அக்கா, நீங்க கூப்பிடலைன்னு அவங்க நினைச்சுக்கமாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டான்.

"நான்தான் தினம் கூப்பிடறேனே."

"என்னையில்லே கூப்பிடறீங்க?"

செம்பாயி கொடியை விட்டுவிட்டாள்.

பொந்து முடிந்துபோயிற்று. பங்குனி பிறந்தது. வாசலுக்கு நேரே உட்கார்ந்து உள்ளே பார்த்தால் காலி இடம்தான் தெரிந்தது. அக்கரையில் அத்தி பழுத்துவிட்டதாகக் கிளிகள் சொல்லிக்கொண்டு போனார்கள். பொட்டுவுக்கு நாள் நெருங்கியிருக்கும். அவளாவது கூப்பிடக்கூடாதா, தாயை ஒரு தரம் கூப்பிட்டால் அலகு தேய்ந்துவிடுமா என்று செம்பாயி முருங்கை இலையிடம் கேட்டாள். கேட்டபோதே பதிலும் தெரிந்தது. அழைக்கவேண்டியது தாய்வீடு. பெண்ணா கூப்பிட்டு, என்னை எப்போது அழைத்துப்போகிறாய் என்று கேட்பாள்? பொட்டு கேட்கவே மாட்டாள். யார் பெண்?

அன்றைக்கு ஆந்தையிடம் பேசும்போது அவள் குரல் வழக்கம்போல இல்லை. அவனைத் திட்டவில்லை. பொந்துவேலை எல்லாம் முடிந்துவிட்டது தம்பி என்று மட்டும் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் கொடியை விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பல்லியும் வாலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் செம்பாயி தட்டினாள். மூன்று, நிறுத்தி, ஐந்து.

"அந்த எண் பேச்சில் இருக்கு" என்றாள் பல்லியின் தங்கை பெண் ஒருத்தி.

செம்பாயிக்கு நம்பமுடியவில்லை. ஆந்தை பேச்சில் இருக்கிறானா? யாரோடு? அவனைக் கூப்பிட யார் இருக்கிறார்கள், தன்னைத் தவிர? மறுபடியும் தட்டினாள். பேச்சில் இருக்கு. இன்னொரு தரம். பேச்சில் இருக்கு. பெண்தான் இல்லையென்று போயிற்று, தப்பான ஆளும் இல்லையென்று ஆகிவிட்டதா? கொடியை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுச் சிவப்பு ஏறி இறங்கியது.

அப்போது அவள் கொடி அதிர்ந்தது. இரண்டு தட்டு. ஒரு மூச்சு நேரம் அமைதி.

வெளி.

காட்டைப் பிரித்தபிறகு அவள் கொடியில் வெளித்தட்டுக் கேட்பது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டு தட்டு அவள் மண்டைக்குள் விழுந்தது. யாரோ வெளியாள். பெண்ணைக் கூப்பிடவிடாமல் செய்துவிட்டு, இப்போது வெளியாட்களை எல்லாம் என் வாசலுக்கு அனுப்புகிறார்களா? மூன்று... நான்கு... என்று அவள் எண் வந்துகொண்டிருக்கும்போதே, பட்டமரத்தைக் குடைகிற அந்த அலகைத் திறந்து, கொடியை நறுக்கென்று கத்தரித்துவிட்டாள்.

இழுத்துக் கட்டின கொடி. அறுந்ததும் சாட்டை மாதிரி சுண்டிக்கொண்டு போயிற்று. போகிற வழியில் பத்துக் கொடியைப் பின்னி, அந்தப் பத்தும் நூறைப் பின்னி, இலுப்பை மரத்துப் பொந்துக்குள் போய் விழுந்தது. செம்பாயியின் கொடியை வாலில் பிடித்திருந்த பல்லிக்கு வால் துண்டாகப் போயிற்று. தங்கைகளும் தங்கை பெண்களும் கொடிச் சிக்கலுக்கு நடுவில் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். காடு முழுக்கப் பேச்சு பாதியில் நின்றது. தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் ஏழு கொடியில் 'கேக்குதா, கேக்குதா' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஓர் இரைச்சல் முருங்கை மரத்தை நோக்கி வந்தது. முன்னால் ஓர் உருண்டை உருவம் வெயிலில் கண்ணைக் கூசிக்கொண்டு, கிளையில் இடித்துக்கொண்டு பறந்துவந்தது. பின்னால் கரிச்சானும் காக்கையும் கொத்திக்கொண்டே துரத்தின. பகலில் ஆந்தை வெளியே வந்தால் விடுவார்களா? சின்னக்கண்ணு முருங்கையின் அடிக்கிளையில் விழுந்தாற்போல உட்கார்ந்தான். இத்தனை நாள் பேசியும் செம்பாயி அவனைப் பார்த்தது அப்போதுதான். பெயருக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. செம்பாயி போட்ட ஓர் அதட்டலில் கரிச்சானும் காக்கையும் விலகிப்போயின.

"அக்கா, கொடியை எடுத்தீங்களா?"

"எடுத்தேன். அறுத்தேன்."



"அது வெளியாள் இல்லை அக்கா. பொட்டு."

அவன்தான் அன்றைக்கு வெளித்தட்டுத் தட்டி அக்கரையைக் கூப்பிட்டிருக்கிறான். வாழ்நாளில் அவன் யாரையும் கூப்பிட்டதில்லை, இரண்டு தடவை தப்பாகத் தட்டி ஒரு கீரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மூன்றாவது தடவை பொட்டுவைப் பிடித்திருக்கிறான். உங்கள் அம்மா ஒருநாள் விடாமல் கூப்பிடுகிறார்கள், உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு வந்து சேர்கிறது என்று சொல்லியிருக்கிறான். பொட்டு அழுதாளாம். அம்மா கூப்பிடவே இல்லை, ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். உங்கள் தாய்வீட்டில் கொடி அறுந்துபோயிற்றா என்று மாமியார் தினம் கேட்கிறாளாம். மைனாக்கள் வீட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம், வேறு மரத்தில் பொந்து குடைந்திருக்கிறோம், அங்கே போகிறோம், எந்த மரம் என்று அம்மாவிடம் நானே சொல்கிறேன், முறையாவது மண்ணாவது என்று சொல்லிவிட்டு, உடனே அம்மாவைக் கூப்பிடப் போனாளாம்.

"எந்த மரம்?"

"உங்ககிட்டதான் சொல்றேன்னாங்க."

செம்பாயி பறந்தாள். நாளும் குறிக்கவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை. ஓடையைத் தாண்டும்போதுதான் கவனித்தாள், அது எத்தனை சின்ன ஓடை. நாலு சிறகடிப்பு. பொட்டுவின் பழைய பொந்திலிருந்து மைனா தலையை நீட்டினாள். அவர்கள் காலிசெய்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, ஓடைக்கு மேற்புறமாகப் போனார்கள் என்றாள். உள்ளேயிருந்து அவள் புருஷன், இல்லை, கீழ்ப்புறம் என்றான். நீ பார்த்தாயா, நான் பார்த்தேனா என்று இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். கேட்பதற்குக் கொடியும் இல்லை. காட்டில் ஒரு கொடியிலும் உயிர் இல்லை.

பக்கத்தில் ஓர் இலவமரம் நின்றது. பங்குனியில் ஒட்டின இலைகூட இல்லாமல் மொட்டையாக நின்றது. செம்பாயி அதன் உச்சிக் கொம்பில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் காடு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அவள் பரம்பரையில் யாரும் கத்திக் கூப்பிட்டதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கொடியில் தட்டுகிற மாதிரியே ஆரம்பித்தாள்.

டுக். டுக்.

மெதுவாக, தயங்கித் தயங்கி, இரண்டு. பிறகு ஒரு மூச்சு நிறுத்தினாள். இத்தனை நாள் தட்டமாட்டேன் என்றிருந்த இரண்டு தட்டு அதுதான். தட்டிப் பார்த்தபோது ஒன்றும் குறைந்துபோகவில்லை. பெண் அதே பெண்தான்.

பிறகு மூன்று. பிறகு ஐந்து. பதில் இல்லை. மறுபடியும் ஐந்து. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டாள். எண்ணிக்கொண்டு கூப்பிட இது என்ன கொடியா? டுக் டுக் டுக் டுக் என்று நிறுத்தாமல் கூப்பிட்டாள்.

அதற்குள் சின்னக்கண்ணு பின்னாலேயே வந்து கீழே ஒரு மாமரத்து நிழலில் ஒண்டிக்கொண்டான். அவனால் அந்த வெயிலில் பார்க்கமுடியாது. கேட்கமுடியும். தலையை முழுக்க இந்தப் பக்கம் திருப்பிக் கேட்டான், முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டான். அதைப் பார்த்துச் செம்பாயியும் அப்படியே செய்தாள். ஓடைக்கு மேற்புறமாக ஒரு தரம் கூப்பிட்டாள். தலையைத் திருப்பிக் கீழ்ப்புறமாக ஒரு தரம் கூப்பிட்டாள். மேலே, கீழே, மேலே, கீழே. எந்தப் பக்கம் இருந்தாலும் காதில் விழாமல் போகக்கூடாது.

வெயில் சாய்ந்தது. தொண்டை காய்ந்துபோயிற்று. பொழுது இறங்கியதும் அந்தக் கொம்பிலேயே உட்கார்ந்திருந்தாள், விடிந்ததும் மறுபடி ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் ஆலம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவரும் ஒரு கொம்பில் உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் காட்டுக்கே தெரிந்தது.

உச்சி வெயில் வந்தபோது சின்னக்கண்ணுவின் தலை சுழன்று ஓரிடத்தில் நின்றது.

"அக்கா, சும்மா இருங்க."

அவள் வாழ்க்கையில் யாராவது அப்படிச் சொல்லி அவள் சும்மா இருந்தது அந்த ஒருதரம்தான். காற்று நின்றது. எங்கோ தூரத்தில், ஓடைக்குக் கீழ்ப்புறமாக, மெல்லியதாக ஒரு சத்தம்.

டுக்... டுக்... டுக்...

பூவரச மரம் ஒன்றில் பட்டுப்போன கிளை. கிளையின் அடிப்பக்கத்தில் ஒரு வாசல், மழைத்தண்ணீர் போகாது. வாசலில் ஒரு சிவப்பு நெற்றி தெரிந்தது. செம்பாயி கிளையைத் தலைகீழாகப் பற்றிக்கொண்டு தொங்கினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செம்பாயி வழக்கம்போலப் பேச ஆரம்பித்தாள். இளைத்துவிட்டாயே என்றாள். வாசலை இன்னும் கொஞ்சம் சின்னதாக வைத்திருக்கலாம் என்றாள். உனக்காக அங்கே ஒரு பொந்து இழைத்து வைத்திருக்கிறேன், பூப்போல இருக்கும், கிளம்பு என்றாள்.

பொட்டு கிளம்பவில்லை.

"வெளியே வாயேன்டி. முகத்தையாவது முழுசாப் பார்க்கிறேன்."

"வரமுடியாதும்மா. மூணு முட்டை. ராத்திரிதான்." பொட்டு சற்று ஒதுங்கிக் காட்டினாள். இருட்டில் வெள்ளையாக மூன்று தெரிந்தன. "நான் உள்ளேதான் இருக்கேன்."

செம்பாயி அந்தச் சொல்லைக் கேட்டாள். உள்ளேதான் இருக்கேன்.  மகளின் நெற்றியோடு நெற்றியை வைத்துக்கொண்டாள். சிவப்பு சிவப்போடு.

தலைப்பிரசவம் ஆயிற்று. முருங்கைப் பொந்து காலியாகவே கிடந்து, பிறகு ஒரு சிட்டுக்குருவிக் குடும்பத்துக்குப் போயிற்று. செம்பாயி பூவரசிலேயே தங்கிவிட்டாள். மாமியார் என்ன நினைப்பாள் என்று பொட்டு கேட்டதற்கு, நினைத்துக்கொண்டு இரண்டு அத்திப்பழம் கொண்டுவரச் சொல் என்றாள். கீழே நிழலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்த ஆந்தையை மூக்கால் காட்டி, "உன் மாமன்டி. பிள்ளைகளுக்குப் பேர் வைக்கிறபோது அவன் மடியிலேதான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டாள். சின்னக்கண்ணுவுக்கு மடி என்று ஒன்று இருப்பது அவனுக்கே தெரியாது. இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

கொடிச் சிக்கலை யாராலும் பிரிக்க முடியவில்லை. மயில் இன்னொரு கூட்டம் போட்டது, யாரும் வரவில்லை. உள், வெளி என்று கோடு போட்டதும் கொடியோடு போயிற்று. அவரவர் சொந்தக் குரலில் கூப்பிடக் கற்றுக்கொண்டார்கள். பல்லிக்கு வால் மறுபடி முளைத்தது, வேலைதான் முளைக்கவில்லை. மனிதர் வீட்டுச் சுவருக்குக் குடிபோய்விட்டாள். இன்றைக்கும் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் மேலேயிருந்து 'உச்' என்பாள். சகுனம் என்கிறார்கள். சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை. இணைப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிறாள்.

அன்று முதல்தான், பங்குனி வெயிலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போது, குக்குறுவான் மட்டும் இலையில்லாத உச்சிக் கொம்பில் ஏறி உட்கார்ந்து, முதல் இரண்டை மெதுவாகச் சொல்லிவிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, எண்ணாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கிளைக்குள்ளிருந்து இன்னொன்று, இதோ உள்ளேதான் இருக்கேன் என்று பதில் சொல்லும்வரை.